அப்துல் கரீம் கான் யார், அவருடைய பாட்டில் என்ன இருக்கிறது?

சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் வடநாட்டுப் பாடகர் ஒருவர் உயிர்விட்டதாகக் கேள்விப்பட்டதாகவும், அவர் யார், இந்துஸ்தானி இசையின் கிரானா மரபுக்குத் தலைவர் என்று அவரை ஏன் சொல்கிறார்கள், கர்நாடக இசையோடு அவருக்கு மெய்யாகவே தொடர்பு இருந்ததா, அவரை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று தெரிய வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக அவருடைய இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை விரிவாகவே எழுதுகிறேன்.

செய்தி உண்மைதான். அவர் உஸ்தாத் அப்துல் கரீம் கான். 1937ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னைக்கு வந்திருந்த அவர், அங்கிருந்து அரவிந்தர் ஆசிரமத்தில் பாடுவதற்காகப் புதுச்சேரிக்கு ரயிலில் சென்றுகொண்டிருந்தார். வழியில் நெஞ்சுவலி கண்டது. செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால் உள்ள சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறக்கினார்கள். அக்டோபர் 27ஆம் தேதி அங்கேயே உயிர் பிரிந்தது. நடைமேடையில் படுக்கையை விரிக்கச் சொல்லி, தொழுகையை முடித்து, தம்பூராவைச் சுருதி கூட்டச் சொல்லி, தர்பாரி ராகத்தில் இறைவனின் பெயரைப் பாடியபடியே அவர் அடங்கினார் என்று சீடர் பரம்பரையில் சொல்லி வருகிறார்கள். இன்னும் இரண்டு வாரம் இருந்திருந்தால் 65 வயது நிறைந்திருக்கும். உடலை மகாராஷ்டிரத்தில் உள்ள மீரஜுக்குக் கொண்டுபோய், அவர் வாழ்நாள் முழுதும் பக்தி செலுத்திய க்வாஜா மீரா சாஹேப் தர்காவின் வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். ஆண்டுதோறும் அந்தத் தர்காவின் உருஸ் விழாவில் அவர் நினைவாக இசைக் கலைஞர்கள் கூடிப் பாடும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

அவருடைய பெருமை எதில் இருக்கிறது என்று ஒரு சொல்லில் கேட்டால், சுரத்தில் என்பேன். ராக ஞானம் அவரைவிட மிகுந்தவர்கள் அன்று இருந்தார்கள். தாள வல்லமையில் அவரை மிஞ்சியவர்கள் பலர். ஆனால் ஒரு சுரத்தை அதன் சரியான இடத்தில் தொட்டு, அங்கேயே நிலைத்து நின்று, அது கேட்பவரின் நெஞ்சில் இறங்கும்வரை காத்திருக்கும் பாடகர் என்று இந்துஸ்தானி இசையில் முதலில் நினைவுக்கு வருபவர் அவரே. அவர் வாழ்க்கையில் தேடியது, கற்பித்தது, தெற்கே வந்து எடுத்துக்கொண்டது, குறையாக விட்டது எல்லாமே இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை என்பது என் எண்ணம்.

அவர் பிறந்தது 1872 நவம்பர் 11 அன்று, இன்றைய உத்தரப் பிரதேசத்தின் மேற்கு ஓரத்தில், யமுனைக் கரையை ஒட்டிய கைரானா என்ற சிற்றூரில். கிரானா என்ற மரபுப் பெயர் அந்த ஊர்ப் பெயரின் திரிபுதான். தந்தையார் காலே கான். பாட்டு, சாரங்கி, ருத்ர வீணை மூன்றும் புழங்கிய குடும்பம் அது. இளமையில் அப்துல் கரீம் கானும் பாட்டோடு சாரங்கியும் வீணையும் பழகினார். இந்தக் குடும்பப் பின்னணியை ஏதோ பிறப்புக் குறிப்பு என்று கடந்துவிடக் கூடாது. வில்லால் இழைத்து வாசிக்கும் சாரங்கியில், வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் கிடையாது. நகக்கண்ணால் தந்தியை வருடிச் சுரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். வில் இழுபடும் வரை ஒலி அறுபடாமல் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும். அவருடைய குரல் இயங்குவதும் அப்படித்தான். சுரத்துக்குச் சுரம் தாண்டுவதில்லை, இழைத்துக்கொண்டே போகும். வாத்தியக்காரர்கள் வீட்டிலிருந்து வந்த பாட்டு என்பது கேட்ட மாத்திரத்தில் தெரியும்.

இளம் வயதிலேயே தம்பி அப்துல் ஹக்குடன் பரோடா சமஸ்தானத்தில் ஆஸ்தான வித்வானாக அமர்ந்தார். அங்கே அரச குடும்பத்துக்கு உறவான சர்தார் மாருதிராவ் மானேயின் மகள் தாராபாய் அவரிடம் பாட்டுக் கற்றார். இருவரும் காதல் கொண்டார்கள். முஸ்லிம் பாடகருக்கும் மராட்டியப் பிரபுவின் மகளுக்கும் இடையிலான உறவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எந்த அரண்மனையும் பொறுத்திருக்காது. இருவரும் பரோடாவை விட்டுப் பம்பாய் சென்றார்கள். அரண்மனைப் பதவியும் அதோடு முடிந்தது. அதன் பின் அவருடைய வாழ்க்கை மேற்கு இந்தியாவில், மீரஜ், பூனா, பம்பாய் என்று அமைந்தது.

அவர்களுக்கு ஐந்து குழந்தைகள். 1920களின் தொடக்கத்தில் தாராபாய் குழந்தைகளுடன் பிரிந்து சென்றுவிட்டார். பிள்ளைகளின் பெயர்களும் மாறின. அப்துல் ரஹ்மான் சுரேஷ்பாபு மானே ஆனார். சம்பாகலி ஹீராபாய் பரோடேகர் ஆனார். கடைக்குட்டி சகீனா, சரஸ்வதி ரானே என்று அறியப்பட்டார். தந்தையின் பெயரைத் தாங்காமலே மூவரும் தந்தையின் இசையைச் சுமந்தார்கள். பெண்கள் நுழைவுச்சீட்டு வைத்து மேடையில் அமர்ந்து கச்சேரி செய்வதற்கு மகாராஷ்டிரத்தில் வழி திறந்தவர்களில் ஹீராபாய் முதன்மையானவர். 1943இல் வந்த 'ராம் ராஜ்ய' இந்திப் படத்தில் சரஸ்வதி ரானே பாடிய 'பீனா மதுர் மதுர்' பாட்டு நாடெங்கும் ஒலித்தது. மனைவியும் மக்களும் ஒரே நேரத்தில் பிரிந்துபோனதை நினைத்துக்கொண்டு அவருடைய பிற்காலத் தட்டுகளில் உள்ள ஏக்கத்துக்குக் காரணம் கற்பிப்பவர்கள் உண்டு. நான் அதைச் செய்யத் தயங்குவேன். அந்தக் குரலின் ஏக்கம் பயிற்சியால் விளைந்தது என்பதை அதன் நுணுக்கமே காட்டுகிறது.

1913இல் பூனாவில் ஆர்ய சங்கீத வித்யாலயம் என்ற பள்ளியைத் தொடங்கினார். முஸ்லிம் உஸ்தாத் நடத்திய பள்ளிக்கு அந்தப் பெயர். மாணவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்கள் குருவின் வீட்டிலேயே தங்கிக் கற்றார்கள். பிறகு மீரஜே அவருக்கு நிலையான இருப்பிடமாயிற்று. மீரஜ் தம்பூராவுக்கும் சிதாருக்கும் பெயர்போன ஊர். நல்ல தம்பூரா செய்பவர்களின் தெருவும் தம் மனதுக்குகந்த தர்காவும் ஒரே ஊரில் இருந்தால் சுரத்துக்காகவே வாழ்ந்த ஒருவர் வேறெங்கே குடியிருப்பார்?

தம்பூராவைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய பாட்டு அங்கிருந்துதான் தொடங்குகிறது. தம்பூரா மீட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும்: பிருடையைத் திருகித் தந்தியை ஏறத்தாழச் சேர்த்துவிடலாம், அதன் பிறகுதான் வேலை. மணிக்காயை மயிரிழை அளவு மேலும் கீழும் நகர்த்த வேண்டும். குதிரையின் மேல் தந்திக்கு அடியில் நூலைச் செருகி, அது சரியான இடத்தில் அமரும்வரை இழுத்து இழுத்து ஜீவா பிடிக்க வேண்டும். அமர்ந்துவிட்டால் தந்தி சட்டென்று விரிந்து ரீங்காரமிடும். அப்போது மந்தர ஷட்ஜத் தந்தியிலிருந்து, எவரும் மீட்டாத அந்தர காந்தாரம் ஒன்று தானாக எழும்பி மிதப்பதைக் கேட்கலாம். நம் வித்வான்கள் ஸ்வயம்பு காந்தாரம் என்பது இதைத்தான். அப்துல் கரீம் கான் பாடும் காந்தாரம், தட்டின் கீறல் ஒலிகளுக்கு நடுவிலும், அந்தத் தானாக எழும் காந்தாரத்தின் மேல் போய் அமர்வதாகவே என் காதுக்குப் படுகிறது. பாடகர் சுரத்தை உண்டாக்குகிறார் என்று தோன்றுவதில்லை. ஏற்கெனவே அங்கு இருந்த ஒன்றோடு தம் குரலைச் சேர்க்கிறார் என்று தோன்றுகிறது.

இந்தத் துல்லியத்தைத் தேடி ஆராய்ச்சியாளர்களும் அவரிடம் வந்தார்கள். சாங்லியைச் சேர்ந்த கே. பி. தேவல், ஒரு ஸப்தகத்தில், அதாவது ஏழு சுரங்களின் வட்டத்தில், 22 சுருதிகள் என்னும் நுண்ணிய சுர இடங்கள் உண்டு என்று பழைய நூல்கள் சொல்வதை அளந்து நிறுவ முயன்றவர். 1910இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். ஆங்கிலேய அதிகாரியான இ. கிளெமென்ட்ஸ் அவருக்குத் துணை நின்றார். சுருதி இடங்களைக் குரலில் பிரித்துக் காட்ட அவர்களுக்கு அமைந்தவர் அப்துல் கரீம் கான். அந்த அளவுகளின் அடிப்படையில் ஹார்மோனியம்கூடச் செய்து பார்த்தார்கள். இசை அறிஞர் பாத்கண்டே உள்ளிட்டோர் அந்த முடிவுகளை ஏற்கவில்லை, அவர்களுடைய மறுப்பிலும் நியாயம் இருந்தது. பாடும்போது சுரம் ராகத்துக்கு ராகம், சஞ்சாரத்துக்குச் சஞ்சாரம் இடம் பெயரக்கூடியது, 22 கட்டங்களுக்குள் அதை அடைக்க முடியாது. ஆனால் ஒரு பாடகர் தாம் பாடுவதை அளவுகோலுக்கு முன் வைக்க அஞ்சாமல் இருந்தார் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வித்தையைப் பெட்டியில் பூட்டி வைத்த உஸ்தாத்களின் காலம் அது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். தொடர்பு இருந்தது, அது மேலோட்டமானதாக இருக்கவில்லை. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் மைசூர் அரண்மனைக்கு அவர் பலமுறை சென்று பாடினார். 'சங்கீத ரத்னா' என்ற பட்டத்தையும் பெற்றார். கர்நாடக வித்வான்கள் நிறைந்த அந்த அவையில் அவர் விருந்தாளியாகப் பாடிவிட்டுத் திரும்பிவிடவில்லை, உட்கார்ந்து கேட்டார், கற்றார். தியாகராஜரின் கரஹரப்பிரியா கீர்த்தனையான 'ராம நீ ஸமானமெவரு' அவர் பாடி இசைத்தட்டாகவே வந்திருக்கிறது. அதைக் கேட்கும்போது நம் வழக்கப்படியான கரஹரப்பிரியாவை எதிர்பார்க்க வேண்டாம். காந்தாரத்திலும் நிஷாதத்திலும் நாம் பழகிய அசைவு குறைவு. தெலுங்குச் சொற்கள் வடநாட்டு நாவில் உருண்டு வருகின்றன. ஆனால் அவர் சுரங்களைப் பெயர் சொல்லிப் பாடத் தொடங்கும் இடத்தில், நம் கல்பனாஸ்வரத்தைக் கேட்டு, ரசித்து, தம் வழியில் திருப்பிச் சொல்கிறார் என்பது புரியும்.

அந்தச் சுரம் பாடும் முறைதான் அவர் தெற்கிலிருந்து எடுத்துச் சென்றவற்றில் முக்கியமானது. இந்துஸ்தானியில் அதைச் சர்கம் என்பார்கள். பயிற்சிக்கூடத்தில் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் கருவியாகவே பெரும்பாலும் இருந்த சர்கத்தை, இந்துஸ்தானியின் முக்கியப் பாட்டு வடிவமான கயாலின் நடுவே ராக விரிவின் ஓர் உறுப்பாகப் பாடி மேடைக்கு ஏற்றியவர்களில் அவர் முன்னோடி. தூய்மைவாதிகளுக்கு அது பிடிக்கவில்லை. சொல்லும் அகாரமும் இருக்க ஸ ரி க எதற்கு என்றார்கள். ஆனால் வழக்கம் நிலைத்துவிட்டது. அவருடைய மகன் சுரேஷ்பாபு மானேயிடம் கற்ற பிரபா ஆத்ரே, சர்கத்தையே முனைவர் பட்ட ஆய்வுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். ஆபோகி போன்ற நம் ராகங்களையும் அப்துல் கரீம் கான் விரும்பிப் பாடினார். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: இரண்டு இசைகளையும் கலந்து புதிதாக ஏதோ செய்ய வேண்டும் என்ற நோக்கம் அவருக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. சுரத்தைப் பெயரிட்டுப் பாடும்போது அதைச் சரியான இடத்தில் வைத்தே ஆக வேண்டும், ஒளிந்துகொள்ள இடமில்லை. அந்தக் கண்டிப்பு அவருடைய இயல்புக்குப் பொருந்தியது, எடுத்துக்கொண்டார்.

மைசூர்ப் பயணங்களால் விளைந்த இன்னொரு பலன் அவர் நினைத்துச் செய்ததாக இருக்க முடியாது. மீரஜிலிருந்து தெற்கே போகும் பாதை தார்வாட், ஹூப்ளி வழியாகச் செல்கிறது. போகிற வழியில் தங்கினார், பாடினார், கற்பித்தார். ஹூப்ளிக்குப் பக்கத்தில் உள்ள குந்த்கோலைச் சேர்ந்த ராம்பாவ் என்ற இளைஞர் அவருடைய சீடரானார். பின்னாளில் மராட்டிய நாடக மேடையில் ஸவாய் கந்தர்வா என்று புகழ்பெற்றவர் இவரே. குரல் எளிதில் வசப்படாதவர். குரு சொன்னதைக் குரலுக்குக் கொண்டுவர ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அந்த ஸவாய் கந்தர்வாவிடம் கற்கத்தான் கங்குபாய் ஹானகல் ஹூப்ளியிலிருந்து ரயிலேறிக் குந்த்கோலுக்குப் போய் வந்தார். கதக் பக்கத்துச் சிறுவன் ஒருவன் கடையில் ஒலித்த அப்துல் கரீம் கானின் இசைத்தட்டைக் கேட்டு, இப்படிப் பாட வேண்டும் என்று 1933இல் 11 வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, வடநாடெல்லாம் குரு தேடி அலைந்து, கடைசியில் தன் ஊருக்கு அருகிலேயே இருந்த ஸவாய் கந்தர்வாவிடம் வந்து சேர்ந்தான். அவர்தான் பீம்சேன் ஜோஷி. கன்னட மண்ணின் வட பகுதி இந்துஸ்தானி இசைக்கு இத்தனை மேதைகளைத் தந்தது எப்படி என்று வியப்பவர்கள் உண்டு. காரணங்கள் பல இருக்கலாம்; மீரஜிலிருந்து மைசூருக்குப் போன அந்தப் பாதை அவற்றுள் ஒன்று.

சீடர் வரிசையில் ரோஷனாரா பேகத்தையும் சொல்ல வேண்டும். பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானில் குடியேறிய அவரை அங்கே 'மலிகா-ஏ-மௌசிகி', அதாவது இசை அரசி என்று கொண்டாடினார்கள். பாடகி கேசர்பாய் கேர்கரும் சிறுமியாக இருந்தபோது கோலாப்பூரில் சில மாதங்கள் அப்துல் கரீம் கானிடம் கற்றவர்.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. அவருக்கு லய விளையாட்டில் நாட்டமில்லை. தாளம் அவருக்கு நேரத்தைக் காட்டும் ஒரு கோடு மட்டுமே. அதன் மேல் ஏறிக் கணக்கு வழக்குகள் செய்து காட்டுவதில்லை. ஆக்ரா மரபினர் சொற்களைத் தாளத்தில் பகிர்ந்து பாடும் அழகை அவரிடம் தேடினால் ஏமாற்றம்தான். பந்திஷின், அதாவது பாடும் பாட்டின், சொற்கள் பல இடங்களில் தேய்ந்து உயிரெழுத்துகளாகிவிடும். குரலும் இயல்பான திறந்த குரல் கிடையாது; மேல்சுருதியில், மூக்கொலி சற்றுக் கலந்து, ஒடுக்கி மெலிதாக்கிய குரல். முதல்முறை கேட்பவர்களில் பாதிப்பேருக்கு அது பிடிக்காமல் போவதை நானே கண்டிருக்கிறேன். சுரத்தை ஊசிமுனையில் நிறுத்துவதற்காக அவர் கொடுத்த விலை அது.

கிரானாவின் தலைவர் யார் என்பதிலும் விவாதம் உண்டு. அவருடைய உறவினரான அப்துல் வஹீத் கானுக்கே அந்த இடம் உரியது என்பவர்கள் பலர். கயாலை மிக மெதுவான காலப்பிரமாணத்தில் நிறுத்தி, ராகத்தைச் சுரம் சுரமாகப் படியேற்றி விரிக்கும் முறையில் வஹீத் கானின் பங்கு மிகப் பெரியது. ஹீராபாயும் அவரிடம் கற்றவர்தான். என் கருத்தில் ராகத்தைக் கட்டும் கட்டடக் கலை வஹீத் கானுடையது, ஒற்றைச் சுரத்தின் உயிர் அப்துல் கரீம் கானுடையது. இன்று கிரானா என்று நாம் கேட்பது இரண்டும் சேர்ந்த ஒன்று. சீடர்கள் மிகுதியாலும் இசைத்தட்டுகள் பரவியதாலும் மக்கள் நினைவில் அப்துல் கரீம் கானின் பெயர் முன்னால் வந்து நின்றது.

இனி, எங்கிருந்து கேட்பது. அவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிராமபோன் கம்பெனிக்குப் பாடியிருக்கிறார். ஆனால் கேட்கத்தக்க தெளிவுடன் கிடைப்பவை 1930களில் ஓடியன் கம்பெனி வெளியிட்ட தட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம். மணிக்கணக்கில் பாடிய ஒருவரை மூன்று நிமிடத்தில் அறிய முடியுமா என்று கேட்கலாம். அவர் கச்சேரியைச் சுருக்கித் தட்டுக்குள் திணிக்கவில்லை. மூன்று நிமிடத்துக்கு உரிய ஒன்றைப் பாடினார்.

தும்ரி என்ற காதல் பாட்டு வகையைச் சேர்ந்த, ஜிஞ்ஜோட்டி ராகத்தில் அமைந்த 'பியா பின் நஹீ ஆவத் சைன்' தட்டில் தொடங்குங்கள். காதலன் இல்லாமல் நிம்மதி வரவில்லை என்பதுதான் அந்த அடியின் பொருள். பீம்சேன் ஜோஷியை வீட்டைவிட்டுக் கிளப்பிய பாட்டும் இதுவே. செஞ்சுருட்டி கேட்டுப் பழகிய காதுக்கு ராகம் அந்நியமாக இராது. கீழ்த் தைவதத்திலிருந்து ஷட்ஜம், ரிஷபம் தொட்டு, மத்தியமத்தில் ஏறிக் காந்தாரத்தில் வந்து இறங்கும் அந்தச் சஞ்சாரம் நமக்கும் சொந்தமானது. முதல்முறை கேட்கும்போது சொற்களை விட்டுவிட்டு, அவர் ஒவ்வொரு முறையும் காந்தாரத்துக்கு எந்த வழியாக வந்து சேர்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். ஒரு முறை மத்தியமத்திலிருந்து வழுக்கி வருவார், ஒரு முறை நேராக வந்து நிற்பார், ஒரு முறை தொடாமலே அதன் வாசல்வரை வந்து திரும்புவார். அடுத்து பைரவியில் 'ஜமுனா கே தீர்', பிறகு ஜோகியாவில் 'பியா மிலன் கீ ஆஸ்'. 1911இல் மேடையேறிய 'மானாபமான்' நாடகத்தின் 'சந்திரிகா ஹீ ஜணூ' என்ற மராட்டியப் பாட்டும் இருக்கிறது. நாடகப் பாட்டை உஸ்தாத் ஒருவர் எவ்வளவு மரியாதையோடு பாடியிருக்கிறார் என்பதற்காகவே கேட்க வேண்டும். கரஹரப்பிரியாவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய குரல் பழகிய பிறகு.

செவியில் பொருத்திக்கொள்ளும் கருவி வேண்டாம். அது தட்டின் கீறலையும் சேர்த்துக் காதுக்குள் கொட்டும். அறையில் ஒலிபெருக்கியை வைத்து, ஒலியைக் குறைத்து, கூடவே ஒரு தம்பூராவை அவருடைய சுருதிக்குச் சேர்த்து மெதுவாக மீட்டவிட்டுக் கேட்டுப் பாருங்கள். தட்டுகளில் தம்பூரா அனேகமாகக் கேட்பதே இல்லை. அன்றைய பதிவுக் கருவிக்கு அது எட்டவில்லை. அதை நாமே திரும்பக் கொடுத்ததும், மூன்று நிமிடமும் அவர் எதன் மேல் நின்று பாடினார் என்பது கேட்கத் தொடங்கும்.